மேலே பூட்டு, கீழே வாய்க்கால்

(கீழ்க்கட்டளையில் குடியிருப்போர் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)



இந்தக் கூட்டத்தில் மதுவைத் தொட்டே பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்: நாம் எல்லோருமே சாராய ஆலையின் வாடிக்கையாளர்கள். மேடவாக்கம் பிரதான சாலையில் எந்த பங்க்கில் வண்டியை நிறுத்தினாலும் இன்று ஊற்றுவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஸ்கூட்டருக்கு ஐந்து லிட்டர் போட்டால் அதில் ஒரு லிட்டர் வடிப்பாலையிலிருந்து வந்தது. கையில் தேய்க்கிற சானிட்டைசர், ஹோமியோபதிச் சொட்டு, கடையில் வாங்குகிற சென்ட், எல்லாவற்றுக்கும் தாய்ச்சரக்கு அதே சாராயம்தான்.

அந்த ஒரு லிட்டர், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்ததாக இருந்தால் அதோடு கூடவே சுமார் பத்து லிட்டர் இன்னொரு திரவமும் பிறந்திருக்கும். பழைய ஆலைகளில் பதினைந்து, நன்றாக நடத்தும் ஆலையில் எட்டு. ஸ்பென்ட் வாஷ் என்று தொழிலில் சொல்வார்கள். அது நம் ஊருக்கு வராது. சென்னையைச் சுற்றி நாம் பார்க்கிற மதுபானத் தொழிற்சாலைகளில் முக்கியமாக நடப்பது கலக்கும் வேலை: டேங்கரில் வரும் 96 சதவீதச் சாராயத்தைத் தண்ணீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, நிறமும் மணமும் சேர்த்து, பாட்டிலில் அடைப்பார்கள். வடிக்கும் வேலை பெரும்பாலும் கரும்பு விளையும் மாவட்டங்களில் நடக்கிறது. சரக்கு நகரத்துக்கு, சக்கை கிராமத்துக்கு. ஆகவே இந்த விஷயம் நமக்குத் தெரியாமலே இருந்துவிடுகிறது.

வடிப்பாலையில் இரண்டு குழாய்கள். கோபுரத்தின் மேலிருந்து வருவது சாராயம். அடியிலிருந்து போவது ஸ்பென்ட் வாஷ். இந்தத் தொழிலின் இருநூறு ஆண்டு வரலாற்றைப் படித்தால் எனக்குப் படுவது ஒன்றுதான்: மேல்குழாய்க்குப் பூட்டுப் போட்டோம், கீழ்க்குழாய்க்கு வாய்க்கால் வெட்டினோம். நம் அறிவெல்லாம் முதலில் மேலே போனது, வெகுகாலம் கழித்துத்தான் கீழே இறங்கியது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மேல்குழாய்

நம் ஊர்ப் பழைய முறை உங்களில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெல்லத்தைக் கரைத்து, வெள்வேலம்பட்டையைப் போட்டு ஊறல் வைப்பார்கள். அதனால்தான் பட்டைச் சாராயம் என்று பெயர். ஊறல் நுரைத்து அடங்கியதும் பானையில் ஊற்றி அடியில் தீ மூட்டி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். எனவே சாராயம் முந்திக்கொண்டு ஆவியாகிறது. ஆனால் தனியாக வராது, தண்ணீரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். ஒருமுறை காய்ச்சினால் கொஞ்சம் கூடும். வந்ததை மறுபடி காய்ச்சினால் இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் விறகு வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

இதை மாற்றியவர் ஒரு கலால் அதிகாரி. அயர்லாந்தில் வரி வசூலித்துக்கொண்டிருந்த ஈனியஸ் காஃபி, வேலையை விட்டுவிட்டு 1830-இல் ஒரு வடிகலனுக்குக் காப்புரிமை வாங்கினார். பானைக்குப் பதில் உயரமான கோபுரம், உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கு. மேலிருந்து ஊறல் இறங்குகிறது, கீழிருந்து நீராவி ஏறுகிறது. ஒவ்வொரு தட்டிலும் இரண்டும் சந்திக்கின்றன. ஆவி தன் சூட்டை ஊறலுக்குக் கொடுத்துத் தண்ணீரைக் கழற்றிவிடுகிறது, ஊறல் அந்தச் சூட்டில் தன் சாராயத்தை ஆவியில் ஏற்றிவிடுகிறது. நாற்பது தட்டு இருந்தால் நாற்பது முறை காய்ச்சிய பலன், ஒரே தீயில், நிறுத்தாமல். இன்றைய எந்த ஆலைக்குப் போனாலும் அடிப்படை இதுதான். காஃபியின் கோபுரம் இரண்டு. இன்று ஆறு ஏழு நிற்கும். முன்னால் வரும் ஆல்டிஹைடை ஒன்று பிரிக்கும், நடுத் தட்டில் தேங்கும் பியூசல் எண்ணெயை ஒன்று பிரிக்கும். அந்த எண்ணெயின் வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் அன்று முழுக்கச் சோறு இறங்காது.

பிறகு வந்த பெரிய மாற்றம் சூட்டைச் சிக்கனம் பிடித்தது. சில கோபுரங்களை வெற்றிடத்தில் ஓட்டுகிறார்கள், சிலவற்றை அழுத்தத்தில் ஓட்டுகிறார்கள். அழுத்தக் கோபுரத்தின் உச்சியில் வரும் ஆவி இன்னொரு கோபுரத்தின் அடுப்பாக வேலை செய்கிறது. ஒரே நீராவிக்கு இரண்டு மூன்று வேலை. வெற்றிடத்தில் ஊறல் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், மொலாசஸில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தட்டுகளில் காரையாகப் படிவதும் குறைகிறது. முன்பெல்லாம் கோபுரத்தை நிறுத்திவிட்டு ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டியிருந்தது.

ஆனாலும் எடைக்கணக்கில் 95.6 சதவீதத்துக்கு மேல் எத்தனை தட்டு வைத்தாலும் ஏறாது. அந்த இடத்தில் சாராயமும் தண்ணீரும் சேர்ந்து ஒரே திரவம்போலக் கொதிக்கும். குடிக்கிறவருக்கு இது பிரச்சினை இல்லை. பெட்ரோலில் கலக்க 99.5 சதவீதம் வேண்டும். 1902-இல் சிட்னி யங் என்ற வேதியியலர் பென்சீனைச் சேர்த்துக் காய்ச்சினால் அந்த மீதித் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று காட்டினார். பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. பென்சீன் புற்றுநோய் தருவது. இப்போது அந்த இடத்தில் இருப்பது சியோலைட் என்ற மணி, பார்க்கச் சவ்வரிசி அளவில் இருக்கும். அதிலுள்ள துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடிக் கூறு போட்டால் மூன்று கூறு. தண்ணீர் மூலக்கூறு அதற்குள் நுழையும், சாராய மூலக்கூறு நுழையாது. சாராய ஆவியை அதன் வழியே விட்டால் தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும், சாராயம் காய்ந்து வெளியே வரும். இரண்டு தொட்டி வைத்து, ஒன்று உறிஞ்சும்போது இன்னொன்றை வெற்றிடத்தில் உலர்த்தி, சில நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எந்த நச்சும் சேர்க்காமல் வேலை முடிகிறது. இந்த மணி இல்லாமல் இருபது சதவீதக் கலப்பு இவ்வளவு வேகத்தில் வந்திருக்காது.

இத்தனை புத்தியும் இத்தனை நுட்பமும் மேல்குழாய்க்கு. காரணம் எளிது, அங்கே வரிப்பணம் வருகிறது. சாராயத்தின் வலிமையை அளக்க பிரிட்டன் 1816-லேயே சைக்ஸ் ஹைட்ரோமீட்டரைச் சட்டப்படியான கருவியாக்கிவிட்டது. பித்தளைக் குண்டும் தண்டும் எடைக்கற்களுமாக, மரப்பெட்டியில் வெல்வெட் படுக்கையில் இருக்கும். நம் ஆலைகளிலும் அதுதான் வெகுகாலம் அதிகாரம் செலுத்தியது. மேல்குழாய் திறந்தவெளியில் எங்கும் வராது. கண்ணாடிப் பெட்டிக்குள் விழும், அங்கிருந்து தொட்டிக்குப் போகும். அரசாங்கத்தின் பூட்டு ஒன்று, ஆலையின் பூட்டு ஒன்று, இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். ஆலைக்குள்ளேயே ஆயத்தீர்வை அதிகாரிக்கு அறை. ஒரு லிட்டர் ஆவியாகிப் போனாலும் கணக்கில் ஏறும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும்: இத்தனை பூட்டு இருந்தும் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் 2023 மே மாதத்தில் கள்ளச்சாராயத்தால் சாவு விழுந்ததே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் போனார்களே? அவர்களைக் கொன்றது மெத்தனால். ஊறலைக் காய்ச்சியதில் விளைந்த நஞ்சு அல்ல அது. வெல்லத்திலும் மொலாசஸிலும் மெத்தனால் உண்டாக்கும் பெக்டின் மிகக் குறைவு. பெயின்ட், ரசாயனத் தொழிலுக்காகச் செய்த கரைப்பான் வழிமாறி வந்து சேர்ந்தது. எத்தனால் தொட்டிக்கு இருந்த காவல் மெத்தனால் டிரம்முக்கு இல்லை. வருமானம் தருவதற்குப் பூட்டு, உயிரை எடுப்பதற்குத் திறந்த கதவு என்ற அதே கோணல் அங்கேயும்தான்.

கீழ்க்குழாய்

இப்போது கீழே வருவோம். கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் சர்க்கரை ஆலை ஓடுகிறது. அதை நடத்தும் ஈ.ஐ.டி. பாரியின் முதல் மூன்று எழுத்துக்கு விரிவு ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ். சர்க்கரையும் சாராயமும் நம் நாட்டில் ஆதிமுதலே ஒரே கூரை. ஒரு டன் கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு, இனி படிகமாகாது என்று நிற்கும் கரிய பாகு நாற்பது கிலோவுக்குச் சற்று மேல் மிஞ்சும். அதுதான் மொலாசஸ். அதை வாரி ஈஸ்டுக்குக் கொடுத்தால் டன்னுக்கு 230 முதல் 270 லிட்டர் சாராயம் தரும். விலைபோகாத பாகு விலைபோகிறது. ஆனால் பாகில் சர்க்கரை மட்டும் இல்லை. கரும்பு மண்ணிலிருந்து உறிஞ்சிய உப்பெல்லாம், ஆலையில் சேர்த்த சுண்ணாம்பும் கந்தகமும், புரதமும், சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து உண்டான காப்பி நிற மெலனாய்டினும் அதில் திரண்டிருக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்கிறது. மற்றதெல்லாம் அப்படியே அடிக்குழாய் வழியே வெளியே வருகிறது, கொதிக்கக் கொதிக்க, புளித்து, கருஞ்சிவப்பாக.

அதில் எவ்வளவு கெடுதல் என்பதைச் சொல்ல ஓர் அளவு உண்டு. தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்று முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் செலவாகும் என்பதுதான் அது. பி.ஓ.டி. என்பார்கள். வீட்டுச் சாக்கடைக்கு லிட்டருக்கு 250 மில்லிகிராம் அளவில் இருக்கும். மொலாசஸ் ஸ்பென்ட் வாஷுக்கு 45,000 அளவில் இருக்கும். ஆற்றில் விடலாம் என்று சட்டம் அனுமதிப்பது 30.

எண் மனதில் தங்காது. நம் தெருவுக்குக் கோடையில் வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பென்ட் வாஷை நிரப்பி கீழ்க்கட்டளை ஏரியில் திறந்துவிட்டால், அது கேட்கும் ஆக்சிஜன் சுமார் 540 கிலோ. நல்ல ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏழு எட்டு மில்லிகிராம்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அப்படியானால் ஒரு லாரிக் கழிவு ஏழு கோடி லிட்டர் தண்ணீரின் மூச்சை முழுதாகக் குடித்துவிடும். நம் ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு லாரிக்கே இது. நாளைக்கு 60,000 லிட்டர் சாராயம் வடிக்கும் ஆலை, அப்படி ஐம்பது லாரிக் கழிவை ஒவ்வொரு நாளும் உண்டாக்குகிறது. ஆறு லட்சம் பேர் வாழும் நகரத்தின் சாக்கடைச் சுமை அது.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்பென்ட் வாஷ் நஞ்சு என்பதால் மீன் சாவதில்லை. சத்து அதிகம் என்பதால் சாகிறது. 2013 செப்டம்பரில் ஹொனலூலு துறைமுகத்தில் கப்பலுக்குப் போன குழாய் ஒழுகி 1,400 டன் மொலாசஸ் கடலில் இறங்கியது. மனிதன் நக்கிச் சாப்பிடக்கூடிய பாகுதான். இருபத்தாறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களும் கடலுயிர்களும் செத்து மிதந்தன. 2018 மே மாதம் பஞ்சாபின் பியாஸ் நதியில் ஒரு சர்க்கரை ஆலையின் மொலாசஸ் கலந்தபோதும் இதுவே நடந்தது. தின்ன வந்த நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிட, மீன் மூச்சு முட்டிச் செத்தது.

இதை அளக்கும் முறையே எப்போது வந்தது தெரியுமா? பிரிட்டனில் கழிவுநீருக்கான அரச ஆணையம் 1912-இல்தான் இந்த ஐந்து நாள் சோதனையை முன்வைத்தது. அவர்களுடைய ஆற்று நீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பது அதன் கணக்கு. நாம் இன்று 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம். சாராயத்தை அளக்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுக்குப் பிறகு அதன் கழிவை அளக்கத் தெரிந்தது. நம் நாட்டில் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் பிறந்தது. அதுவரை சாவி இல்லை, மீட்டர் இல்லை, வாய்க்கால் மட்டும் இருந்தது.

பொட்டாஷைப் பின்தொடர்வோம்

கழிவை என்ன செய்தார்கள்? பல வழிகள் வந்தன. எந்த வழி உண்மையில் வேலை செய்தது, எது இடத்தை மட்டும் மாற்றியது என்று கண்டுபிடிக்க நான் ஒரு சுலபமான உபாயம் வைத்திருக்கிறேன். பொட்டாஷைப் பின்தொடர்ந்து போங்கள். கரிமப் பொருளை நுண்ணுயிர் தின்னும், தீ எரிக்கும். பொட்டாஷ் ஓர் உப்பு. அதைத் தின்னவும் முடியாது, எரிக்கவும் முடியாது. ஸ்பென்ட் வாஷில் அது ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நான் சொன்ன ஆலையில் நாளைக்குச் சுமார் ஆறு டன். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

முதல் வழி, கழிவே குறைவாக உண்டாகும்படி பார்ப்பது. ஊறலில் சாராயம் எட்டு சதவீதத்தில் நின்றால் மீதித் தொண்ணூற்றிரண்டும் கழிவுப் பக்கம்தான். சூட்டையும் சாராயத்தையும் தாங்கும் ஈஸ்டைத் தேர்ந்தெடுத்து, அதைப் பிரித்தெடுத்து மறுபடி மறுபடி பயன்படுத்தி, ஸ்பென்ட் வாஷில் ஒரு பகுதியையே தண்ணீருக்குப் பதிலாக மொலாசஸைக் கரைக்க எடுத்துக்கொண்டால் பதினைந்து லிட்டர் எட்டாக இறங்குகிறது. சுவீடனின் ஆல்ஃபா லாவல் கொண்டுவந்த பயோஸ்டில் முறை இப்படிப்பட்டது. புனேயின் பிராஜ் நிறுவனம் உள்நாட்டிலேயே இத்தகைய ஆலைகளை வடிவமைத்தது. தண்ணீர் குறைந்தது. பொட்டாஷ்? ஒரு கிராமும் குறையவில்லை. குறைந்த நீரில் அதிகக் கெட்டியாக நிற்கிறது.

இரண்டாவது, எரிவாயு. காற்றுப் புகாத பெரிய கலத்தில் ஸ்பென்ட் வாஷை விட்டால், ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேன் தருகின்றன. நம் சாண எரிவாயுக் கலத்தின் பெரியண்ணன். 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் கட்சே லெட்டிங்கா, அடியிலிருந்து மேல்நோக்கிக் கழிவை ஏற்றி, நுண்ணுயிர்களைக் குருணைபோல் திரளவைக்கும் கலத்தை உருவாக்கினார். அதன் பிறகு இந்த வேலை பல வாரங்களிலிருந்து சில நாட்களுக்கு இறங்கியது. ஆயிரம் லிட்டர் ஸ்பென்ட் வாஷுக்கு முப்பது கன மீட்டர் அளவில் வாயு கிடைக்கும். ஆலையின் கொதிகலனுக்கு அது நல்ல எரிபொருள். கழிவுச் சுத்திகரிப்பில் முதலாளி மனமுவந்து செலவு செய்த முதல் இயந்திரம் இதுதான், ஏனென்றால் போட்ட பணம் திரும்பி வந்தது. பி.ஓ.டி.யில் தொண்ணூறு சதவீதம் போய்விடும் என்று விளம்பரம் சொல்லும். சரிதான். 45,000-இல் தொண்ணூறு போனால் மீதி 4,500. சட்டம் சொன்ன 30-க்கு அது நூற்றைம்பது மடங்கு. நிறம் அப்படியே. பொட்டாஷும் அப்படியே.

மூன்றாவது, வயல். பொட்டாஷ் உரம்தானே, வயலுக்கு விட்டால் என்ன என்ற எண்ணம் தவறில்லை. பிரேசில் 1978-இல் ஆற்றில் விடத் தடை போட்டு, கழிவைக் கரும்புத் தோட்டத்துக்கே திருப்பியது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பல ஆண்டுகள் சோதனை செய்தது. அளவோடு, பயிர் வைக்குமுன், மண்ணைப் பார்த்து விட்டால் விளைச்சல் கூடுகிறது. சிக்கல் அந்த "அளவோடு" என்பதில். ஆலைக்குக் கழிவு தினமும் வரும். வயலுக்குப் பொட்டாஷ் வருஷத்துக்கு ஒருமுறைதான் வேண்டும். பக்கத்து வயலுக்கு லாரி தூரம் குறைவு. அதே வயலில் மறுபடி மறுபடி விட்டால் மண்ணில் உப்பேறும், பின் கிணற்றில் இறங்கும். கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிய ஊர்களில் நடந்தது இதுதான். பொட்டாஷ் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் கேட்டவன் வயலுக்கு அல்ல, கிட்டே இருந்தவன் வயலுக்கு.

நான்காவது, கம்போஸ்ட். சர்க்கரை ஆலையில் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் பிரஸ் மட் என்னும் சேற்றை நீளநீளமான வரப்பாகக் குவித்து, அதன்மேல் ஸ்பென்ட் வாஷைத் தெளித்துக் கிளறிக்கொண்டே இருந்தால், நுண்ணுயிர்ச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி ஐம்பது அறுபது நாளில் நல்ல எரு ஆகும். இது நம் பக்கத்து ஆலைகளில் பரவலாக நடந்த முறை. விவசாயிக்கும் பிடித்தது. வடகிழக்குப் பருவமழைக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை பெய்தால் திறந்த களத்தின் எரு கரைந்து கரும்பழுப்பாக ஓடும். கீழே கான்கிரீட் தளமும் மேலே கூரையும் இருந்தால்தான் இந்த முறை நேர்மையானது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2003-இல் ஆலைகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2005 முடிவதற்குள் மொலாசஸ் ஆலைகள் முழு ஸ்பென்ட் வாஷையும் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும், வெளியே சொட்டும் விடக்கூடாது என்று கெடு வைத்தது. கெடு தவறியவர்கள் உண்டு. ஆனால் அந்த அழுத்தத்தில்தான் ஐந்தாவது வழிக்கு உயிர் வந்தது: சுண்டவைத்து எரிப்பது.

வீட்டில் பாயசம் சுண்டுவதுபோல் ஒரே பாத்திரத்தில் இதைச் சுண்டவைத்தால் எரிபொருள் செலவிலேயே ஆலை மூடிவிடும். எனவே வரிசையாக நாலைந்து ஆவியாக்கிகள். முதலாவதில் வரும் ஆவி இரண்டாவதைக் காய்ச்சும், அது மூன்றாவதை. பத்துப் பன்னிரண்டு சதவீதக் கெட்டி ஐம்பத்தைந்து அறுபதுக்கு ஏறும். அந்தக் குழம்பைக் கரும்புச் சக்கையோ நிலக்கரியோ துணையாகச் சேர்த்துக் கொதிகலனில் பீய்ச்சி எரிக்கிறார்கள். நீராவி வருகிறது, மின்சாரம் வருகிறது. பிடித்த ஆவி நீரைச் சுத்தம் செய்து மறுபடி ஊறலுக்கே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை எரிப்பது சொல்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. இங்கேயும் சிரமம் கொடுப்பது நம் பொட்டாஷ்தான். அது உலைச் சூட்டில் உருகி, கொதிகலன் குழாய்களில் பிசின்போல் ஒட்டி, ஆறி, கல்லாகிவிடும். குழாய்க்கும் குழாய்க்கும் இடையே புகை போகும் சந்து அடைபடும். கொதிகலனை நிறுத்தி, ஆறவைத்து, ஆள் விட்டுத் தட்ட வேண்டும். குழாய்களை அகலமாக வைத்தும், சூட்டைக் கட்டுக்குள் நிறுத்தியும், ஓடும்போதே சாம்பலை உதிர்க்கும் சாதனம் வைத்தும் இந்த அடைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள்.

கடைசியில் அடியில் விழுவது சாம்பல். ஐந்து வழிகளில் இங்கேதான் முதல்முறையாகப் பொட்டாஷ் மூட்டை கட்டிய சரக்காக, எடைபோடக்கூடியதாகக் கைக்கு வருகிறது. இந்த மொலாசஸ் பொட்டாஷ் 2009-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் சேர்க்கப்பட்டது, 2021-இல் உர மானியத்துக்குள் வந்தது. அதில் பொட்டாஷ் 14.5 சதவீதம். 2024 ஜனவரியில் டன்னுக்கு 4,263 ரூபாய் என்று உர நிறுவனங்களுக்கு ஆலைகள் விற்க வேண்டிய விலையும் நிர்ணயமானது. மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்ற பொட்டாஷ் உரத்தை இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். கரும்பு எந்த மண்ணிலிருந்து உறிஞ்சியதோ அந்த மண்ணுக்கே அது திரும்பிப் போக இப்போது ஒரு வழியும் ஒரு விலையும் இருக்கிறது. ஆற்றில் விட்டபோது நாம் மாசுபடுத்தியது மட்டுமில்லை, காசு கொடுத்து வாங்கும் உரத்தையும் கொட்டியிருக்கிறோம்.

தானியம் வந்தது, கேள்வி போகவில்லை

இனி வரும் எத்தனாலில் பெரும்பகுதி கரும்பிலிருந்து வராது. 2023-24 எத்தனால் ஆண்டில் தானியம் கரும்பை முந்திவிட்டது: மக்காச்சோளமும், உடைந்த அரிசியும். தானியக் கழிவுக்கு நிறம் குறைவு, உப்பு குறைவு. அடிக்குழாயில் வருவதை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து உலர்த்தினால் புரதம் நிறைந்த மாட்டுத் தீவனம் ஆகிறது. ஆகையால் தானிய ஆலை சுத்தமானது என்று ஒரு பேச்சு. பஞ்சாபில் ஜீரா அருகே ஒரு தானிய ஆலைக்கு எதிராக, ஆழ்துளைக் கிணறு கெட்டது என்று கிராமத்தார் 2022 ஜூலையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். குளிர்காலம் முழுக்க எழவில்லை. 2023 ஜனவரியில் ஆலையை மூடுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழில்நுட்பம் நல்லதாக இருப்பது வேறு, அது ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடுகிறது என்று ஊர் நம்புவது வேறு. நம்பிக்கைக்கு அளவு வேண்டும்.

அளவு கொஞ்சம் வந்திருக்கிறது. 2014-இல் மத்திய வாரியம், சாராய ஆலை உள்ளிட்ட பதினேழு வகைத் தொழில்கள் கழிவு வெளியேறும் இடத்தில் தானியங்கி மீட்டர் வைத்து வாரியத்துக்கு நேரடியாக இணைக்க உத்தரவிட்டது. சொட்டும் விடாத ஆலை என்றால் மீட்டரும் கேமராவும் வைக்க வேண்டும். மேல்குழாய்க்கு 1816-இல் கிடைத்த மரியாதை கீழ்க்குழாய்க்கு இருநூறு ஆண்டு கழித்துக் கிடைத்தது. அதே சமயம் இன்னொரு பக்கம் கதவு திறந்தது. பெட்ரோல் கலப்புக்கான எத்தனால் உற்பத்தியை வேகப்படுத்த, 2021-இல் சுற்றுச்சூழல் அனுமதி விதியைத் தளர்த்தி, அதற்கென்றே அமைக்கும் ஆலைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி பெறும் வழி வைத்தார்கள். மீட்டர் வாரியத்திடம் பேசுகிறது. ஊரிடம் பேசும் இடம் சுருங்கிவிட்டது.

நகரத்தில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். நம்மில் பலருக்குக் கடலூரிலோ ஈரோட்டிலோ திருச்சியிலோ சொந்த ஊர் இருக்கிறது. அங்கே ஆலை வந்தாலும் இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு லிட்டர் சாராயத்துக்கு எத்தனை லிட்டர் ஸ்பென்ட் வாஷ்? மழைக்காலத்தில் கழிவை வைக்க, கசியாத இடம் எங்கே? வருஷத்துக்கு எத்தனை டன் பொட்டாஷ் உள்ளே வந்தது, எத்தனை டன் மூட்டையாக வெளியே போனது? இதற்கான அனுமதி ஆணையும் கண்காணிப்புக் கணக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் கேட்டு வாங்கலாம். மூன்றாவது கேள்வியில் கணக்கு இடித்தால், அந்த மீதிப் பொட்டாஷ் யாரோ ஒருவருடைய கிணற்றில் இருக்கிறது என்று பொருள்.

சாராயத்தின் மேல் எனக்குக் கோபமும் இல்லை, மோகமும் இல்லை. அது ஒரு வேதிப்பொருள். வடிக்கும் கலையில் நம் பொறியாளர்கள் உலகத்தில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கழிவைத் தீர்க்கும் கலையும் இன்று கையில் இருக்கிறது, விலைக்குக் கிடைக்கிறது. இனி இல்லாதது ஒன்றே ஒன்று. மேல்குழாயில் அரசாங்கத்துக்கு ஒரு சாவி இருப்பதுபோல், கீழ்க்குழாய்க் கணக்கில் அந்த ஊர் ஊராட்சிக்கு ஒரு சாவி வேண்டும். மாதாமாதம் எவ்வளவு வந்தது, எவ்வளவு எரிந்தது, எவ்வளவு உரமாகப் போனது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க ஆலையைக் கட்டாயப்படுத்துங்கள். அதை நாம் கேட்டால் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் தாமாகக் கொடுக்க மாட்டார்கள்.